கருவுற்ற பெண்ணின் கிரியேட்டினின் 0.9: சிறுநீரக நோயும் பேறுகாலமும்

ஆய்வகத்திலிருந்து வரும் இரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்) என்ற வரிக்கு எதிரே 0.9 என்றும், அதன் பக்கத்தில் இயல்பான அளவு 0.6 முதல் 1.2 வரை என்றும் அச்சாகியிருந்தால், படிக்கும் எவரும் நிம்மதியோடு தாளை மடித்து வைத்துவிடுவார்கள். தாளுக்குரியவர் கருவுற்ற பெண் என்றால் அந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. கருக்காலத்தில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 0.4 முதல் 0.6 மில்லிகிராம் வரை கிரியேட்டினின் இருப்பதுதான் வழக்கம், 0.85-ஐத் தாண்டினாலே சிறுநீரகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அச்சான எல்லை கருவுறாதவர்களை வைத்து வகுத்தது. நாட்பட்ட சிறுநீரக நோயோடு கருவுறும் பெண்களுக்கு நேரும் இடர்களில் கணிசமான பங்கு, இந்த 0.9-ஐப் போலக் கண்ணெதிரே இருந்தும் யாரும் வட்டமிடாமல் விட்ட எண்களிலிருந்துதான் தொடங்குகிறது.

கரு தரித்த முதல் சில வாரங்களிலேயே பெண்ணின் இரத்த நாளங்கள் தளர்ந்து விரிகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி படிப்படியாக 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. சிறுநீரகங்களுக்குள் பாயும் இரத்தம் பெருகுவதால், அவை வடிகட்டும் வேகம் முதல் மூன்று மாதம் முடிவதற்குள் ஏறத்தாழ பாதியளவு உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் கிரியேட்டினின் இறங்குகிறது. சிறுநீரகத்தின் நீளமும் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் கூடும். வலப்பக்கச் சிறுநீர்க்குழாய் சற்று விரிந்து, ஸ்கேன் பார்ப்பவரை அடைப்போ என்று எண்ண வைக்கும். நலமான சிறுநீரகத்துக்கு இந்தக் கூடுதல் வேலை ஒரு பொருட்டல்ல, ஏனென்றால் அதனிடம் கையிருப்பு நிறைய உண்டு. பாதி வடிப்பான்கள் ஏற்கெனவே தழும்பாகிப்போன சிறுநீரகத்துக்கு அந்தக் கையிருப்பு இல்லை. வேகத்தைக் கூட்ட முடியாதபோது கிரியேட்டினின் இறங்குவதில்லை. கருவுறுவதற்கு முன் 0.9 இருந்தது அப்படியே 0.9-ஆக நிற்கும். மாறாமல் நிற்பதே அங்கே நோயின் அடையாளம். வயதையும் கிரியேட்டினினையும் வைத்துச் சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட்டுத் தரும் சூத்திரங்களும் கருக்காலத்துக்குச் செல்லாது. ஆனாலும் பரிசோதனைத் தாளின் அடியில் அந்தக் கணக்கு தானாகவே அச்சாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், பலருக்குத் தம் சிறுநீரகத்தில் நோய் இருப்பது கருவுற்ற பிறகே தெரியவருகிறது என்பது. இருபது, முப்பது வயதுகளில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு மூவர் வரை சிறுநீரக நோயின் தொடக்க நிலைகளில் இருக்கலாம் என்று மேலைநாட்டுக் கணிப்புகள் சொல்கின்றன. அந்த நிலைகளில் வலி இருக்காது, சிறுநீர் குறையாது, பசியும் கெடாது. நம் ஊரில் பெண்ணின் இரத்த அழுத்தத்தை முதன்முதலாக ஒருவர் அளப்பதும், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும் அன்றுதான். அந்தப் பதிவு 12 வாரத்துக்குள் நடந்தால் அந்த அளவுகள் பொன்னைப் போன்றவை. கருக்காலத்துக்கே உரிய புரதக் கசிவும் அழுத்த உயர்வும் பொதுவாக 20 வாரத்துக்குப் பிறகே தோன்றும் என்பதால், அதற்கு முன்பே சிறுநீரில் புரதம் இருந்தால் நோய் முன்னமே இருந்தது என்று கொள்ளலாம். ஐந்தாம் மாதம் கடந்து முதல் முறையாக வருபவரிடம் அந்தப் பிரித்தறிதல் கைநழுவிப்போகிறது. கால் வீங்கினால் பார்லிக் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: கருவுற்றவர்களுக்குக் கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் காலையில் எழும்போதே முகமும் கண்ணிமையும் உப்பியிருந்தால் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

சிறுநீரக நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறுவதை மருத்துவம் நெடுங்காலம் அஞ்சியே வந்தது. 1975-இல் லான்செட் என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் தலையங்கம் ஒன்று, இத்தகைய பெண்களின் குழந்தைகள் ஆபத்தோடு பிறந்தார்கள் அல்லது பிறக்கவேயில்லை, மருத்துவர்களின் விருப்பப்படி நடந்திருந்தால் பிறந்தே இருக்க மாட்டார்கள் என்ற பொருளில் எள்ளலாக எழுதியது. அதற்கு 17 ஆண்டுகள் முன்னரே அந்த அச்சத்துக்கு மறுமொழி வந்துவிட்டிருந்தது. 1956-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரேயின் குழுவிடம் தன் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகத்தைப் பெற்ற ஈடித் ஹெல்ம், 1958 மார்ச்சில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார்; மாற்றுச் சிறுநீரகத்தோடு தாயான முதல் பெண் அவர். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த பெண் ஒருவர் பிள்ளை பெற்ற செய்தியை இத்தாலிய மருத்துவர்கள் 1971-இல் வெளியிட்டார்கள். இவை விதிவிலக்குகளாக இருந்தவை. அடுத்து வந்த பத்தாண்டுகளில் மருத்துவரை நோக்கிய கேள்வியே மாறியது. ‘பெற்றுக்கொள்ளலாமா’ என்பது பின்னுக்குப் போய், ‘எந்த நிலையில், எந்த ஆயத்தத்தோடு’ என்பது முன்னுக்கு வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடுகையில் நோயின் பெயரைவிட மூன்று அளவுகளே அதிகம் பேசுகின்றன: சிறுநீரகத்தில் மிஞ்சியிருக்கும் திறன், சிறுநீரில் இறங்கும் புரதம், இரத்த அழுத்தம். 1996-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜோன்ஸும் ஹேஸ்லெட்டும், கிரியேட்டினின் 1.4 அல்லது அதற்கு மேல் இருந்த 67 பெண்களின் 82 கருக்காலங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவற்றில் 59 விழுக்காடு குறைமாதப் பிரசவத்தில் முடிந்தன. 43 விழுக்காட்டில் தாயின் சிறுநீரகம் மேலும் பின்னடைந்தது. கிரியேட்டினின் 2.0-க்குக் கீழே தொடங்கியவர்களிடம் வேகமான சரிவு அரிதாகவே இருந்தது, 2.0-ஐத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது நேர்ந்தது. 2007-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு இதைக் கூர்மையாக்கியது. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 40 மில்லிலிட்டருக்குக் கீழே இருப்பதும், நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் இறங்குவதும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால்தான் பிரசவத்துக்குப் பின் சரிவு விரைவுபடுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அவ்வளவாக இல்லை. இத்தகைய பெண்ணுக்கு, ஒரு பிள்ளை பெறுவதன் விலையாக டயாலிசிஸ் சில ஆண்டுகள் முன்கூட்டியே வரக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு முடிவு அவருடையது.

தொடக்க நிலை நோயுள்ளவர்களுக்கு ஒன்றுமே ஆகாது என்பதும் சரியல்ல. இத்தாலியின் டூரினிலும் காக்லியாரியிலும் 504 கருக்காலங்களைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், ஐந்து நிலைகளில் மிக லேசான முதல் நிலை நோயுள்ளவர்களிடமே குறைமாதப் பிரசவம் நான்கில் ஒன்றை நெருங்கியது. நான்காம், ஐந்தாம் நிலைகளில் பத்தில் ஒன்பதை ஒட்டியது. வடிகட்டும் திறன் சிறிதும் குறையாத ஒருவருக்கும் ஏன் இந்த இடர் என்பதற்கான விடை நஞ்சுக்கொடியில் இருக்கிறது. சிறுநீரக வடிப்பானும் நஞ்சுக்கொடியும் நுண்ணிய இரத்த நாளங்களாலேயே ஆனவை. ஒன்றின் நாளங்களைக் கெடுத்திருக்கும் அழுத்தமும் அழற்சியும் மற்றதையும் சரியாக வேரூன்ற விடுவதில்லை. விளைவு, குழந்தையின் எடை குறைகிறது, தாய்க்கு முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படும், கருக்காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் நோய்) வருகிறது.

முன்சூல்வலிப்பைத்தான் இந்தத் துறையின் கடினமான புதிர் என்பேன். இரத்த அழுத்தம் ஏறுவதும், சிறுநீரில் புரதம் பெருகுவதும், கிரியேட்டினின் கூடுவதும் அதன் அடையாளங்கள். சிறுநீரக நோய் முற்றுவதன் அடையாளங்களும் அவையே. முதலாவதற்கு முடிவான மருந்து பிரசவம் மட்டுமே. இரண்டாவதற்கு அழுத்தத்தையும் நோயையும் அடக்கிக்கொண்டு கருவை இன்னும் சில வாரம் காக்க முடியும். 28-ஆம் வாரத்தில் ஒரு பெண் இந்த அடையாளங்களோடு வந்து நின்றால், தவறான முடிவின் விலை தாயின் உயிராகவோ, தேவையில்லாமல் பன்னிரண்டு வாரம் முன்னதாகப் பிறந்த சிசுவாகவோ இருக்கலாம். அண்மைக் காலத்தில் இதற்கு ஓர் உதவி கிடைத்திருக்கிறது. இரத்த நாளங்களை வளர்க்கும் ஒரு புரதத்தை நலமான நஞ்சுக்கொடி தாராளமாகச் சுரக்கிறது. நலிந்த நஞ்சுக்கொடியோ அந்தப் புரதத்தை உறிஞ்சிவிடும் மற்றொன்றை மிகுதியாக இரத்தத்தில் விடுகிறது. வளர்க்கும் புரதத்தைப் போல உறிஞ்சும் புரதம் எத்தனை மடங்கு என்ற விகிதத்தை அளந்தால் கோளாறு நஞ்சுக்கொடியினுடையதா சிறுநீரகத்தினுடையதா என்று ஓரளவு பிரிக்க முடிகிறது. அந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு முன்சூல்வலிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. வசதி குறைந்த இடங்களில், கருவுறும் முன்பும் முதல் மூன்று மாதங்களிலும் எடுத்த பழைய அளவுகளோடு இன்றைய அளவை ஒப்பிடுவதே நம்பகமான வழி. பழைய தாள்களைப் பத்திரப்படுத்துவது அலுவலகச் சடங்கல்ல என்று சொல்வது அதனால்தான்.

புதிரை விடுவிப்பதைவிட அது எழாமல் தடுப்பது எளிது. சிறுநீரக நோயுள்ள ஒவ்வொருவருக்கும் 12-ஆம் வாரத்தை ஒட்டி, இரவில் ஒருவேளை, குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது இன்று பொது நடைமுறை. அளவு 75 முதல் 150 மில்லிகிராம், 36-ஆம் வாரம் வரை. 2017-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், இடர் மிகுந்த பெண்களிடம் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பை 62 விழுக்காடு குறைத்தது. 16 வாரம் கடந்து தொடங்கினால் பெரும்பலன் இல்லை, ஏனெனில் நஞ்சுக்கொடி அதற்குள் வேரூன்றி முடித்திருக்கும். இரத்த அழுத்தத்தை 135/85-க்கு மேல் போகாமல் வைத்திருப்பது மற்றொரு காப்பு. சிறுநீர்த் தொற்றையும் மறக்கலாகாது. எரிச்சலே இல்லாமல் கிருமி மட்டும் வளர்ந்திருந்தாலும் கருக்காலத்தில் அதற்கு மருந்து கொடுத்தாக வேண்டும்.

மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் கருவுறுவதற்கு முந்தைய மாதங்களில் செய்ய வேண்டியவற்றில் பாதி இங்கேதான் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகளின் மாத்திரைப் பெட்டியில் தவறாமல் இருப்பவை இரத்த அழுத்த மருந்துகளான ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவையும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்றவையும். புரதக் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தின் ஆயுளைக் கூட்டும் இந்த மருந்துகள், கருவின் நான்காம் மாதத்துக்குப் பின் தொடர்ந்தால் சிசுவின் சிறுநீரகங்களையே முடக்கும். சிசு சிறுநீர் கழிக்காததால் பனிக்குட நீர் வற்றும், நுரையீரல் வளராது, மண்டையோட்டு எலும்பும் சரியாக உருவாகாது. இதைக் கேள்விப்பட்டுப் பிள்ளைக்கு முயலும் நாளிலிருந்தே எல்லாவற்றையும் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. அதுவும் இழப்புதான், கருத்தரிக்க ஓராண்டு ஆனால் அந்த ஓராண்டும் காப்பில்லாமல் புரதம் இறங்கும். ஆகவே பிரிட்டனின் சிறுநீரக மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, சார்ட்டன் வகையை முன்கூட்டியே நிறுத்தவும், புரதக் கசிவு மிகுந்தவர்கள் ராமிப்ரில் வகையை, மாதவிடாய் தள்ளியதும் உடனே பரிசோதித்துக்கொள்வோம் என்ற உறுதியோடு, கரு உறுதியாகும் நாள் வரை தொடரவும் இடம் தருகிறது. கருக்காலத்தில் அழுத்தத்துக்கு லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் நம்பகமானவை.

நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் மைக்கோஃபெனோலேட்டுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அது கருச்சிதைவையும், காது உருவாகாமை, உதட்டுப் பிளவு போன்ற குறைகளையும் உண்டாக்குகிறது. கருத்தரிப்புக்குக் குறைந்தது ஆறு வாரம் முன் அதை நிறுத்த வேண்டும். மாற்றாக அசத்தியோபிரினுக்கு மாறி, நோய் அடங்கியே இருக்கிறதா என்று சில மாதங்கள் பார்ப்பதே முறை. சைக்ளோபாஸ்பமைடு கருவைக் கெடுப்பதோடு சினைப்பையின் முட்டை இருப்பையும் குறைத்துவிடும். பிரட்னிசலோன், அசத்தியோபிரின், டாக்ரோலிமஸ், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றைத் தொடரலாம். கருவுற்றதாகத் தெரிந்ததும் பயத்தில் இவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவது, நிறுத்த வேண்டியதைத் தொடர்வதற்குச் சற்றும் குறையாத ஆபத்து. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை இந்தப் பெண்கள் தொடவே கூடாது.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும், இளம் பெண்களிடம் அதிகம் காணப்படும் லூபஸ் நோயில் நேரம் பார்ப்பதே பாதி சிகிச்சை. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின் கருவுற்றவர்களுக்குப் பெரும்பாலும் நல்லபடியாக முடிகிறது. கொதிநிலையில் கருவுற்றவர்களுக்கு அப்படியில்லை. இரத்தம் உறையத் தூண்டும் எதிர்ப்பொருள் இருந்தால் ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் சேரும். ‘ஆன்டி ரோ’ என்ற எதிர்ப்பொருள் உள்ளவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இதயத் துடிப்பின் மின்பாதை தடைப்படுகிறது. பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில் கவலை வேறு: தாயின் கருக்காலம் பெரும்பாலும் அமைதியாகவே கழியும், ஆனால் குழந்தைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மாதவிடாய் தப்பித் தப்பி வரும், பலருக்கு நின்றேபோகும். எனவே கரு உண்டானது நான்கு, ஐந்து மாதம் வரை தெரியாமல் போவதுண்டு. கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோனைச் சிறுநீரகமும் வெளியேற்றுவதால், சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் கருவில்லாமலேயே அது சற்று உயர்ந்திருக்கக்கூடும். ஸ்கேன்தான் உறுதி சொல்லும். கரு உறுதியானால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது டயாலிசிஸ் நேரம். 2014-இல் வெளியான ஒப்பீட்டில், கனடாவின் டொரான்டோவில் இரவு முழுதும் நீண்ட டயாலிசிஸ் செய்துகொண்ட பெண்களில் 86.4 விழுக்காட்டினருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது. அமெரிக்கப் பதிவேட்டில் அது 61.4. வாரத்துக்கு 36 மணிநேரத்துக்கு மேல் செய்துகொண்டவர்களில் 85 விழுக்காடு, 20 மணிநேரமோ அதற்குக் குறைவாகவோ செய்துகொண்டவர்களில் 48 விழுக்காடு. கரு தங்கிய காலமும் டொரான்டோவில் 36 வாரம், மற்றதில் 27 வாரம். தாயின் இரத்தத்தில் யூரியா குறையக் குறையச் சிசு நன்றாக வளர்கிறது. நம் ஊரில் வழக்கமான வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் என்ற கணக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் வருவதில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும், வாரம் ஆறு நாள் ஒரே பெண்ணுக்கு இயந்திரத்தை ஒதுக்குவதும், அவர் அத்தனை நாளும் பயணம் செய்து வருவதும் எப்படி என்பது மருத்துவக் கேள்வியாக மட்டும் இல்லை.

ஆகவேதான், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வாய்ப்புள்ளவரைப் பிள்ளைப் பேற்றைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். அறுவைக்குப் பின் ஓராண்டாவது கடந்து, உறுப்பை உடல் மறுக்காமல், கிரியேட்டினின் 1.5-க்குக் கீழே நிலைத்து, புரதக் கசிவு அரை கிராமைத் தாண்டாமல் இருந்தால் கருவுறலாம். புதுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஓரத்தில் பொருத்தப்படுகிறது என்றாலும் அது பிரசவப் பாதையை மறிப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. டாக்ரோலிமஸின் அளவு கருக்காலத்தில் இரத்தத்தில் இறங்குவதால் அடிக்கடி அளந்து கூட்ட வேண்டியிருக்கும். சிறுநீரகத்தைக் கொடுத்த பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். இந்தியாவில் உயிரோடிருந்து தானம் செய்பவர்களில் பெண்களே அதிகம். கனடாவில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தானம் செய்த பின் கருவுற்றவர்களில் 11 விழுக்காட்டினருக்கு அழுத்தமோ முன்சூல்வலிப்போ வந்தது, தானம் செய்யாதவர்களில் 5 விழுக்காட்டினருக்கு. தாய்மை இன்னும் மிச்சமிருக்கும் இளம்பெண்ணிடம் தானம் கேட்கும் குடும்பத்தார் இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டே கேட்க வேண்டும்.

மாற்று அறுவைக்குப் பின் சில வாரங்களிலேயே முட்டை வெளிப்படத் தொடங்கிவிடும் என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. பல ஆண்டு மாதவிடாயே இல்லாதவர், மைக்கோஃபெனோலேட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கருவுற்று வந்து நிற்பது இப்படித்தான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளன்றே கருத்தடையைப் பேசிவிட வேண்டும். அழுத்தமும் புரதக் கசிவும் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல; காப்பர் டி-யும் புரோஜெஸ்டிரோன் மட்டுமே உள்ள முறைகளும் பொருந்தும். செயற்கைக் கருத்தரிப்புக்குப் போனால் ஒரு கருவை மட்டுமே வைக்க வேண்டும். இரட்டைக் கருவின் சுமையை இந்தச் சிறுநீரகத்தின் மேல் ஏற்றக் கூடாது.

பிரசவமானதும் எல்லாரின் கண்ணும் குழந்தையிடம் போய்விடுகிறது. நிறுத்திய எனலாப்ரிலைப் பாலூட்டும்போதே மீண்டும் தொடங்கலாம். டாக்ரோலிமஸும் அசத்தியோபிரினும் பாலூட்டலுக்குத் தடையில்லை, மைக்கோஃபெனோலேட் தடை. ஆனால் தாய் தன் பிறந்த வீட்டில் பத்திய உணவிலும் லேகியத்திலும் இருக்கும் அந்த வாரங்களில்தான் சிறுநீரக மருத்துவரிடம் போகும் தேதி தவறிப்போகிறது. குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி போடப் போகும்போது தாயின் அழுத்தத்தையும், சிறுநீரின் புரதத்தையும், கிரியேட்டினினையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முன்சூல்வலிப்பால் வந்த புரதக் கசிவு மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதன் பிறகும் நீடித்தால் அது சிறுநீரகத்தின் நோயே. அந்த மூன்றாம் மாதப் பரிசோதனையில், ஆய்வகத் தாளில் அச்சாகியிருக்கும் 0.6 முதல் 1.2 வரை என்ற எல்லை அவருக்கு மறுபடியும் பொருந்தத் தொடங்கியிருக்கும்.